சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா? கணக்குப் புத்தகம் வழியாக ஒரு விமர்சனம்

அண்ணன் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.எஸ்சி.க்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். 2025 மே மாதம் ஒரு நாள் போன் செய்து, "அத்தை, மெட்ராஸ் யூனிவர்சிட்டில சேரலாமா? பணமே இல்ல, துணைவேந்தரே இல்லன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க" என்றாள். அண்ணனுக்கும் அதே குழப்பம்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்தது அங்கேதான், 1984 முதல் 1986 வரை. அதன் பிறகு தெற்கே ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். கேஷ் புக், வவுச்சர், ஆடிட் பாரா என்றே காலம் ஓடிவிட்டது. அதனால் ஒரு கல்வி நிறுவனத்தைப் பார்த்தால் கட்டடம் முதலில் கண்ணில் படுவதில்லை. வரவு எங்கிருந்து வருகிறது, யார் கையெழுத்துப் போடுகிறார், அதைத்தான் தேடுவேன். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். ஒரு மிக்ஸி வாங்குவதற்குக்கூடப் பத்துப் பேரின் விமர்சனம் படிக்கிறோம். பிள்ளையின் இரண்டு வருஷத்தைக் கொடுக்கப்போகிற இடத்துக்கு இதுவாவது இருக்கட்டும்.

முதலில் வரவு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து உண்டாக்கியது என்பதால், ஆரம்பத்தில் அங்கே வகுப்பே கிடையாது. கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எழுதிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும்தான் முதல் பட்டதாரிகள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அப்படியென்றால் அந்த நிறுவனத்தின் இயல்பான வருமானம் என்ன? தேர்வுக் கட்டணம். எத்தனை கல்லூரி அதன்கீழ் இருக்கிறதோ அத்தனை வரவு.

அந்த வரவு ஊர் ஊராகப் பிரிந்து போன கதைதான் இன்றைய நெருக்கடியின் அடித்தளம் என்பது என் கணிப்பு. தென்னிந்தியா முழுக்க அதன் எல்லையாக இருந்த காலம் ஒன்று உண்டு. மைசூர் 1916இல் பிரிந்தது, ஆந்திரா 1926இல். தமிழ்நாட்டுக்குள் 1966இல் மதுரை, 1978இல் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம், 1982இல் பாரதியாரும் பாரதிதாசனும். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் வந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தபோது வட மாவட்டக் கல்லூரிகளும் போயின. இவை ஒவ்வொன்றும் அந்தந்தப் பகுதிக்குத் தேவையான பல்கலைக்கழகங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கல்லூரிகள் போனபோது தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும் கூடவே போயின. அந்தப் பெரிய எல்லைக்காக நியமித்த ஊழியர்களும், அவர்கள் ஓய்வு பெற்ற பின் கொடுக்க வேண்டிய ஓய்வூதியமும் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கத்திலேயே தங்கிவிட்டன. கூட்டுக் குடும்பத்தில் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு போன பிறகு, பழைய கடனையும் பெரியவர்களையும் மூத்த வீடே தாங்குவது மாதிரி.

தொலைதூரக் கல்வி கொஞ்ச காலம் அந்த ஓட்டையை அடைத்தது. 1981இல் அஞ்சல்வழிக் கல்வியாகத் தொடங்கிய அந்தப் பிரிவில், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அப்புறம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு கட்டுப்படுத்தியதும் அந்த வழியும் குறுகிவிட்டது.

மீதி இருப்பது அரசு மானியம். பலரும் சரியாகப் புரிந்துகொள்ளாத இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாநில அரசு பல்கலைக்கழகத்துக்குத் தொகுப்பு மானியம் கொடுக்கிறது. கேட்டதையெல்லாம் கொடுத்துவிடாது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை கணக்கைப் பார்க்கும். அரசு அனுமதி இல்லாமல் உண்டாக்கிய பணியிடம், ஒப்புதல் வாங்காத பதவி உயர்வு, சரிக்கட்டாத முன்பணம் என்று எது இருந்தாலும் தணிக்கைத் தடை எழுதிவைக்கும். தடை தீரும் வரை அந்தச் செலவு மானியத்துக்குக் கணக்கில் வராது. ஆனால் அந்தப் பணியிடத்தில் இருப்பவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அது பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்திலிருந்து போகும்.

தடை ஒன்றைத் தீர்ப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்குக்காக ஒரு பேராசிரியர் வாங்கிய 18,000 ரூபாய் முன்பணம் ஆறு வருஷம் சரிக்கட்டாமல் கிடந்தது. ஒவ்வொரு தணிக்கையிலும் அதே பாரா, அதே பதில். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். கடைசியில் நானே பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கிக் கொடுத்தார். உள்ளே 120 பேர் சாப்பாட்டுக்கான ரசீது, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, சமையல்காரர் கோணலாகக் கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து வைத்திருந்தது. மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது, தொகை மட்டும் தெரிந்தது. பணம் செலவாகியிருந்தது, நேர்மையாகவே செலவாகியிருந்தது, காகிதம்தான் பரணில் இருந்திருக்கிறது. தணிக்கைத் தடை என்றதும் திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சில இடத்தில் திருட்டும் உண்டு. பல இடத்தில் பஸ் ஏறிப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இனி வருமான வரி. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. கேட்ட தொகை 424 கோடி ரூபாய். லாபத்துக்கு நடத்தாத ஒரு அரசுப் பல்கலைக்கழகம் எதற்கு வரி கட்ட வேண்டும் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(23சி) பிரிவில், அரசு பெருமளவு நிதி கொடுத்து நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு விலக்கு இருந்தது. "பெருமளவு" என்றால் எவ்வளவு என்று 2014 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்து தெளிவாக்கினார்கள். மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் வரவு 100 ரூபாய் என்றால் அதில் அரசு 50 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்க வேண்டும். 49 ரூபாய் கொடுத்திருந்தால், அந்த வருஷம் அது இந்த விலக்குக்குள் வராது.

இதன் விளைவைப் பாருங்கள். தணிக்கைத் தடையால் மானியம் குறைகிறது. மானியம் குறைந்ததால் பல்கலைக்கழகம் சொந்த வருமானத்தில் சமாளிக்கிறது. சமாளித்ததாலேயே அரசின் பங்கு பாதிக்குக் கீழே இறங்குகிறது. இறங்கியதால் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. ஒரே பள்ளத்தில் நாலு முறை விழுந்த மாதிரி. முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதிய எனக்கு இதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. கணக்கு முடங்கினால் முதலில் பாதிக்கப்படுவது யார் தெரியுமா? மாதச் சம்பளக்காரரைக்கூட வீட்டில் இன்னொரு வருமானம் தாங்கும். ஓய்வூதியத்தை மட்டும் நம்பி மருந்து வாங்குகிற எழுபத்தைந்து வயதுக்காரரை யார் தாங்குவார்?

சரி, இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்ய வேண்டியவர் யார்? 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டு வரவு செலவுத் திட்டம் செனட் என்கிற பேரவையில் நிறைவேற வேண்டும், அன்றாட முடிவுகள் சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழுவில். நடுநாயகமாகத் துணைவேந்தர். கடைசித் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. புதியவரைத் தேடும் குழுவில் மானியக் குழுவின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்றார் வேந்தரான ஆளுநர். வேண்டாம் என்றது மாநில அரசு. விஷயம் நீதிமன்றப் படி ஏறியது, நாற்காலி ஆண்டுக் கணக்கில் காலியாகக் கிடந்தது. உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையில் ஒரு ஒருங்கிணைப்புக் குழு காரியம் பார்த்தது. அந்தச் செயலருக்குத் தமிழ்நாட்டின் மொத்த உயர்கல்வியும் பொறுப்பு. மேசைக்கு வரும் நூறு கோப்பில் ஒன்றாகத்தானே சேப்பாக்கத்துக் கோப்பும் இருக்க முடியும்?

துணைவேந்தர் யார் பக்கத்து ஆள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. வழக்கில் இரு தரப்புக்கும் சட்ட வாதம் இருக்கலாம். ஆனால் தலைமை இல்லாத அலுவலகம் எப்படி இருக்கும் என்று நான் அனுபவித்திருக்கிறேன். என் மகன் படித்தது வேறொரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். அங்கே ஒரு முக்கியப் பொறுப்பு காலியாக இருந்த சமயத்தில் அவனுடைய பட்டச் சான்றிதழ் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. போகும்போதெல்லாம் எழுத்தர் மரியாதையாகவே பேசினார், "என் கையில இல்லம்மா" என்றார். உண்மையிலேயே அவர் கையில் இல்லை. கிடைத்த வேலையில் சேரத் தற்காலிகச் சான்றிதழின் நகலை வைத்துக்கொண்டு கெஞ்ச வேண்டியிருந்தது.

துணைவேந்தர் இல்லையென்றால் நிரந்தர ஆசிரியர் நியமனமும் நகராது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றுப் போன பேராசிரியர்களின் இடங்கள் பல வருஷமாக நிரப்பப்படாமல் இருக்கின்றன, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் துறைகள் உண்டு. பெற்றோர் கவலைப்பட வேண்டிய முதல் விஷயமாக நான் இதைத்தான் வைப்பேன், வங்கிக் கணக்கு முடக்கத்துக்கும் முன்னால்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "வா, நேரில் போய்ப் பார்ப்போம்" என்று அவளை அழைத்துக்கொண்டு போனேன். பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்கி நடந்தோம். செனட் ஹவுஸ் முன்னால் நின்று அவள் போட்டோ எடுத்தாள். ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1874க்கும் 1879க்கும் இடையில் கட்டியது. நான் படித்தபோதும் அதன் கோபுரங்களில் புறாக்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. கடல் காற்று அப்படியே.

ராமானுஜன் கணித உயர் ஆய்வு மையம் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு பேராசிரியர் எங்களை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினார். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் அல்ல நாங்கள். அவளிடம் குலக் கோட்பாட்டிலிருந்து (குரூப் தியரி) ஒரு கேள்வி கேட்டார், அவள் பாதி சொல்லித் திணறினாள். அவர் கரும்பலகைக்குப் போய் மீதியை அவளையே எழுதவைத்தார். சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்றாவது வரியில் அவளாகவே தப்பைக் கண்டுபிடித்து அழித்தாள். வெளியே வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன், எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

ராமானுஜன் பெயரைச் சொன்னதும் ஒரு செலவுக் கணக்கு நினைவுக்கு வருகிறது. அவர் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர், மாதம் 30 ரூபாய் சம்பளம். 1913இல் இந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அவருக்குப் பட்டம் கிடையாது, விதிப்படி கொடுக்க முடியாது. விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியபோது ஆண்டுக்கு 250 பவுன். பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதிக்கும் இப்படித்தான். ஒரு லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய வேலை, 1936இல் ஆறு தொகுதிகள் முடிந்தபோது நாலு லட்சத்தைத் தாண்டியிருந்தது. எந்தத் தணிக்கையாளரும் பாரா எழுதியிருப்பார். மாணவியாக இருந்தபோது மெஸ் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய அதன் மறு அச்சு இன்றும் என் அலமாரியில் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு முறையாவது எடுக்கிறேன். பணம் இல்லாத நிறுவனம் இந்த மாதிரி ஒரு முடிவை எடுக்க முடியாது, அதுதான் என் பெரிய வருத்தம். இருக்கிற காசு சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போதாதபோது, பட்டம் இல்லாத ஒரு எழுத்தரை யார் நம்பிப் பணம் கொடுப்பார்கள்?

தரவரிசை பற்றியும் கேட்டாள். கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு 2023இல் ஏ++ கொடுத்தது, அது சும்மா வருவதில்லை. ஆனால் நாக் பார்ப்பது அதற்கு முந்தைய ஐந்து வருஷத் தரவு. அதற்குப் பிறகு நடந்த கணக்கு முடக்கமும் நாற்காலி காலியானதும் அந்த மதிப்பெண்ணில் இருக்காது. அதனால் அவளை வேறொன்றைப் பார்க்கச் சொன்னேன். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக ஒவ்வொரு நிறுவனமும் கொடுக்கும் தரவு பி.டி.எஃப். ஆகப் பொதுவில் கிடைக்கிறது. அதில் மூன்று வருஷச் செலவு இருக்கும். நூலகத்துக்கு எவ்வளவு, ஆய்வகக் கருவிக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு என்று தனித்தனி வரி. சம்பள வரியைப் பார்த்து மலைக்க வேண்டாம், எல்லா அரசுப் பல்கலைக்கழகத்திலும் அது பெரிதுதான். நூலக வரி மூன்று வருஷத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். எங்கள் கல்லூரியிலும் பணம் குறைந்தால் முதலில் வெட்டுவது பத்திரிகைச் சந்தாவைத்தான், ஏனென்றால் அது வாய் திறந்து கேட்காது. நீங்கள் சேரப்போகும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் உங்கள் இரண்டு வருஷத்துக்குள் ஓய்வு பெறுகிறார்கள் என்று துறைக்கே போன் செய்து கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

பக்கத்தில் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றிலும் விசாரித்தோம். அங்கே கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான் சேப்பாக்கத்தில். இணைப்புக் கல்லூரிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகமே இலவசக் கல்வித் திட்டம் ஒன்றை 2010இலிருந்து நடத்துகிறது, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அதில் முன்னுரிமை. கட்டணத்தை ஏற்றினால் பற்றாக்குறை குறையும் என்று சொல்பவர்கள் இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அரசு நினைத்தால் முடியாததும் அல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அளவுக்கு மீறி ஆள் எடுத்துச் சம்பளம் கொடுக்க முடியாமல் தத்தளித்தபோது, 2013இல் தனிச் சட்டம் போட்டு அரசே ஏற்றுக்கொண்டது. உபரி ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வேறு கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் மாற்றியது. வலி இல்லாமல் நடக்கவில்லை, ஆனால் மூடவிடவில்லை. சேப்பாக்கத்துக்கு அவ்வளவு பெரிய வைத்தியம்கூடத் தேவையில்லை. ஓய்வூதியத்துக்கான தொகையையும் அரசு மானியமாகவே கொடுத்தால் வரவில் அரசின் பங்கு ஏறும், பாதிக்கு மேல் என்ற விதியை எட்டுவதும் எளிதாகும். தணிக்கைத் தடைகளுக்குத் தனி ஆள் போட்டு, பஸ் ஏற்றி அனுப்ப வேண்டும்.

நட்சத்திரம் போடச் சொன்னால், பாடத்துக்கும் நூலகத்துக்கும் ஐந்துக்கு நாலு. நிதிக்கு ஒன்றரை, அதில் பாதிப் பழி கோட்டையிலும் டெல்லியிலும் இருப்பவர்களுக்குப் போக வேண்டும். நிர்வாகத்துக்கு நாற்காலி நிரம்பிய பிறகு போடுகிறேன்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் கைப்பேசியில் அந்த பி.டி.எஃப். ஐத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். மயிலாப்பூர் வந்தபோது, "அத்தை, நூலக வரியைப் பார்த்துட்டேன். அப்ளிகேஷன் போட்டுடறேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுடைய கார்டில் விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டினோம். ரசீதை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை என் கோப்பில் போட்டுக்கொண்டேன்.